பச்சையில் நின்ற மூன்று

நாலு மணிக்குத்தான் ஐ.சி.யூ. கதவைத் திறப்பார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கிறது. வாட்ச்மேனிடம் போய்க் கேட்டுப் பிரயோசனம் இல்லைங்க, நான் பதினோரு நாளாகக் கேட்டுப் பார்த்தவன். உட்காருங்கள். உங்கள் அண்ணன் நாலாம் நம்பர் படுக்கை என்றுதானே சொன்னீர்கள்? எங்களுடையது ஏழு. மாகாளி என்று பெயர். பம்பு ஃபிட்டர். எனக்கு உறவு ஒன்றும் இல்லை, கூட வேலை செய்கிறவன். ஆனாலும் இந்தப் பதினோரு நாளில் ஒரு நாள்கூட நான் வராமல் இருந்ததில்லை. அவன் கூடப்பிறந்த தம்பி இரண்டு தடவைதான் வந்தான்.

நான் சென்னியப்பன். பத்தொன்பது வருடமாக ராத்திரி வேலைக்காரன். கண்ணைப் பார்த்தாலே தெரியுமே. பகலில் தூங்குகிறவனுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு கறை வந்துவிடும், என்ன போட்டுக் கழுவினாலும் போகாது.

எங்கள் பிளான்ட்டைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடம். முப்பத்தெட்டுப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். எல்லாப் பட்டறைத் தண்ணீரும் குழாய் வழியாக வந்து முதலில் ஒரு பெரிய தொட்டியில் விழும். பூமிக்குக் கீழே இருபத்திரண்டு அடி. மேலே மூடி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய், இரும்பு ஏணி. அடியில் இரண்டு பம்பு. துணிப்பிசிறும் நூலும் போய்ச் சுற்றிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பம்பு நின்றுவிடும். அப்போது யாராவது இறங்க வேண்டும். அந்த யாராவதுதான் மாகாளி.

இறங்குவது பெரிய விஷயமில்லை. அடியில் சேறு அழுகினால் ஒரு வாயு வரும், அதுதான் விஷயம். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், ஏறி ஓடி வந்துவிடலாம். அதிகமாகிவிட்டால் மூக்கு செத்துப்போகும். நாற்றமே தெரியாது. நல்ல காற்று மாதிரி இருக்கும். அதனால்தான் தொட்டிக்குள் ஒரு சென்சார் தொங்கவிட்டு, வாய்க்குப் பக்கத்தில் ஒரு திரை வைத்திருக்கிறோம். திரையில் ஓர் எண் வரும். பத்து வரைக்கும் பச்சை. அதற்கு மேலே போனால் சிவப்பு. பச்சையில் இறங்கலாம், சிவப்பில் இறங்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். முகமூடி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆபீஸ் பீரோவில் ரப்பர் உதிர்ந்து கிடந்தது.

அந்தச் சென்சார் சொல்கிற எண்ணைத் திரைக்குக் கொண்டுவருவது ஒரு ஜாவா புரோகிராம். முதலில் சென்னைக்காரர் ஒருத்தர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருடத்தில் ஏதேதோ கோளாறு. போன் பண்ணினால் எடுக்கவில்லை. நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன், கம்ப்யூட்டர் படிப்பு ஒரு வகுப்புகூடப் போனதில்லைங்க. ராத்திரி சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று பழைய புத்தகக் கடையில் ஜாவா புத்தகம் ஒன்று வாங்கினேன். அட்டை கிடையாது, முதல் அத்தியாயம் கிடையாது. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து கற்றுக்கொண்டவன் நான். இரண்டு வருடம். மூன்றாம் வருடத்தில் அந்தச் சென்னைக்காரர் எழுதினதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுதினேன். ஒரு வாரத்து வாயு அளவை மலை மாதிரி, பள்ளம் மாதிரி கோடு போட்டுக் காட்டுகிற பக்கம் ஒன்று செய்தேன். மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி சார் அதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா சென்னி, இத்தனை நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கோட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் குறை இருந்தது. வருகிற எண்ணையெல்லாம் வாங்கி வாங்கி மெமரியில் வைத்துக்கொள்ளும். கீழே போடாது. ஒரு நாளில் மெமரி அடைத்துவிடும். அடைத்துவிட்டால் புரோகிராம் சாகாது, அதுதான் வேடிக்கை. மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கும். திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும்.

சரி பண்ணியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எதற்குங்க? நான்தான் அங்கேயே இருக்கிறேனே. தினமும் விடியற்காலையில் நிறுத்தித் திருப்பிப் போடுவேன். மூன்று நிமிட வேலை. மெமரி காலியாகிவிடும், மறுநாள் வரைக்கும் கவலை இல்லை. ஆறு வருடம் ஒரு நாள் தப்பாமல் செய்தேன். லீவு போட்ட நாளில்கூட மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வருவேன். என் மனைவிகூடச் சொல்வாள், கோயில் பூசாரிகூட ஒரு நாள் ஆள் மாற்றிவிடுவார், நீ மாற்ற மாட்டேன் என்கிறாயே என்று.

அந்த மூன்று நிமிடமும் முதலில் திரை சிவப்பாகிக் கோடு கோடாகக் காட்டிக்கொண்டிருந்தது. சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்றால் அப்படி ஆகும்படி அந்தச் சென்னைக்காரர் எழுதி வைத்திருந்தார். விடியற்காலை வருகிறவன் போகிறவனெல்லாம் என்ன சிவப்பு, என்ன சிவப்பு என்று கேட்க ஆரம்பித்தான். புரோகிராமில் அது ஒரே ஒரு வரிதான். எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

மாகாளி விஷயத்துக்கு வருகிறேன். அவன் திரையை மட்டும் பார்த்து இறங்குகிறவன் இல்லை. என் ஷிப்ட் முடிகிற நேரத்தில்தான் அவன் வருவான். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றை மாட்டிக்கொண்டு, தொட்டி வாயில் நின்றுகொண்டே எனக்குப் போன் அடிப்பான். "சென்னி, எறங்கட்டுமா?" என்பான். நான் என் மேஜையில் பார்த்துவிட்டு, "எறங்கு" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. கண் முன்னால் திரை இருக்கிறதே, எதற்கடா எனக்குப் போன் என்று ஒரு நாள் திட்டினேன். "டிவி பொட்டிக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதா? உனக்கு இருக்குது. நீ சொல்லு" என்றான். அப்படி ஒரு ஆள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கிளவுட் வந்தது.

பட்டறை முதலாளிகளுக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே எல்லா அளவும் பார்க்க வேண்டுமாம். என் மேஜைக்குக் கீழே இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து அது முடியாது. எங்கேயோ இருக்கிற பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள், அதில் ஒரு மூலையில் நம் புரோகிராமைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். அதற்குப் பெயர்தான் கிளவுட். எனக்கே தெரியும், நானே படித்து வைத்திருந்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் நானே செய்து கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனியைப் பிடித்தார்கள். ரேணுகா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு வேலை செய்வாள்.

பகலில் அவள் வருவாள், நான் தூங்குவேன். ஒரே ஒரு நாள்தான் நேரில் பார்த்தேன். ஷிப்ட் முடிந்தும் போகாமல் நின்றிருந்தேன், அவள் எப்படிச் செய்கிறாள் பார்ப்போம் என்று. என் புரோகிராமைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். சிரித்தாள். பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தி சார். "இது யார் சார் எழுதினது? ஒட்டுப்போட்ட டவுசர் மாதிரி இருக்கு" என்றாள். சாரும் சிரித்தார். "அது நம்ம நைட் ஆளு நோண்டி வெச்சதும்மா" என்றார். நான் அவர்களுக்கு நாலடி பின்னால் நிற்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாது, அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும். டீ கிளாஸை எடுத்துக்கொண்டு நான் வெளியே போய்விட்டேன். கோபமெல்லாம் இல்லை. எனக்குக் கோபம் வராது, கூட வேலை செய்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனால் கெட்டிக்காரிதான், சொல்லத்தான் வேண்டும். புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டினாள். எந்த ஜாவாவில் ஓடும், எவ்வளவு மெமரி வேண்டும், எந்த வாசல் வழியாகச் சேதி உள்ளே வரும், எல்லாம் எழுதி வைத்தாள். புரோகிராம் செத்துவிட்டால் தானாகவே எழுந்துகொள்கிற மாதிரி ஓர் ஏற்பாடும் செய்தாள். செத்தால். திணறிக்கொண்டு கிடந்தால் அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. நாற்பத்தொரு கேள்வி. நேரில் வந்து கேட்கவில்லை. ஆபீஸ் பையன் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டு, "நைட் ஆளு நிரப்பணுமாம்" என்றான். மேலேயும் அப்படித்தான் பென்சிலில் எழுதியிருந்தது, நைட் ஆள் என்று. எனக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறதுங்க. நாற்பது கேள்விக்கும் ஒழுங்காக எழுதினேன். எழுத்துக்கூட மணி மணியாக இருக்கும். இருபத்தேழாவது கேள்வி, புரோகிராம் ஓடுவதற்குத் தினமும் கையால் செய்ய வேண்டிய வேலை ஏதாவது உண்டா என்று. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இல்லை என்று எழுதினேன்.

பொய்யில்லைங்க அது. கேள்வியைப் பாருங்கள். செய்ய வேண்டிய வேலை என்றல்லவா கேட்டிருக்கிறார்கள். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். வந்து, "சென்னியப்பா, நீ ஆறு வருஷமா இத எப்படி ஓட்டுனே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்த்தேன்.

கிளவுடுக்குப் போன அன்றைக்கே என்னைக் கண்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் ராத்திரிக்கு ஆள் தேவையில்லையாம், எல்லாம் போனிலேயே தெரியுமாம். உப்பு குடோனில் பகல் வேலை. சாயத் தண்ணீரைக் காய்ச்சினால் மிஞ்சுகிற உப்பு மூட்டை மூட்டையாக வரும், அதற்குக் காவல். பத்தொன்பது வருடம் ராத்திரி விழித்த உடம்புக்குப் பகலில் உட்காரவும் தெரியவில்லை, ராத்திரி படுக்கவும் தெரியவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். விடியற்காலை அந்த நேரத்துக்குக் கை தானாகத் துறுதுறுக்கும்.

கிடந்த கிடையில் கணக்குப் போட்டேன். பழைய கம்ப்யூட்டரைவிட ரேணுகா எட்டு மடங்கு மெமரி வாங்கிக் கொடுத்திருந்தாள். அப்படியானால் ஒரு நாளில் அடைப்பது எட்டு நாள், ஒன்பது நாளில் அடைக்கும். காலண்டரில் பார்த்தேன். புதன்கிழமை.

புதன்கிழமை நான் லீவு போட்டேன்.

தப்பாக நினைக்காதீர்கள். என்ன நினைத்தேன் என்றால், திரை நின்றுவிடும், போனில் பார்க்கிற முதலாளி எவனாவது கண்டுபிடிப்பான், ஈஸ்வரமூர்த்தி சாருக்குப் போன் வரும், அவர் ரேணுகாவைக் கூப்பிடுவார், அவளுக்குப் புரியாது, கடைசியில் எனக்குத்தான் வர வேண்டும். வந்து மூன்று நிமிடத்தில் எழுப்பிக் காட்டுவேன். அவ்வளவுதான் ஆசை. தொட்டியில் அன்றைக்கு யாரும் இறங்குவார்கள் என்று யார் கண்டது? சுத்தம் பண்ணுகிற வேலையெல்லாம் சனிக்கிழமைதான். புதன்கிழமை பம்பு நிற்கும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

காலையில் முகம் சவரம் பண்ணினேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கே கல்யாணமா என்று மனைவி கேட்டாள். ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்றேன். டிவியைக்கூடப் போடவில்லை, மணி அடித்தால் கேட்காமல் போய்விடுமோ என்று.

பத்து பத்துக்குப் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் மாகாளி.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி, திரை நின்றுவிட்டது, சாருக்கு நேராக என்னைக் கூப்பிட வாய் வரவில்லை, ஃபிட்டரை விட்டுக் கூப்பிடச் சொல்கிறார் என்று நினைத்தேன். கூப்பிட வேண்டியவர் கூப்பிடட்டும். கட் பண்ணினேன். இரண்டு நிமிடத்தில் திருப்பி அடித்தான். அதையும் கட் பண்ணினேன். இவன் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் சார் எப்படிக் கூப்பிடுவார்? மூன்றாவது தடவை அடித்தபோது கட் பண்ணக்கூட இல்லை. அது அடித்து அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் அடித்தது.

எதற்கு அடித்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருக்கிறவனிடம் அவன் எதற்கு வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். அரை நாள் மொபெட் வேண்டும் என்றுகூட அடித்திருக்கலாம்.

பதினொன்றுக்குச் சார் கூப்பிட்டார். பெயரைப் பார்த்ததும், சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. இரண்டு தடவை மணி அடிக்க விட்டு எடுத்தேன். "சென்னி, உடனே வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ரேணுகாவும் அங்கே இருப்பாள், அவள் முன்னால் பணிவாகப் பேச வேண்டும், குத்திக்காட்டக் கூடாது என்றெல்லாம்.

போனால் தொட்டி வாயில் கூட்டம். மாகாளியைக் கயிற்றில் இழுத்து மேலே போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மேலே கயிறு பிடித்தவன் இரண்டு தடவை குரல் கொடுத்திருக்கிறான், பதில் இல்லை என்றதும் இழுத்திருக்கிறான். மாகாளி ஏணியில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரனிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், தலையில் அடிபட்டிருக்கும் என்று. ஆஸ்பத்திரியிலும் முதல் இரண்டு மணி நேரம் தலையைத்தான் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஏன் என்று கேட்டால், திரையில் மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. பச்சையில். நல்ல வெயிலிலும் பளிச்சென்று தெரிகிற பச்சை. மூன்று இருக்கும்போது வாயு எங்கிருந்து வரும்?

நான் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நாலாகவில்லை. இரண்டாகவில்லை.

பம்பு நின்றதால் தண்ணீர் பொங்கி ரோட்டுக்கு வருகிற நிலைமை. ஈஸ்வரமூர்த்தி சார் இன்னும் இரண்டு பேருக்குப் பெல்ட் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார், இறங்கி முடித்துவிட்டு வாருங்கள் என்று. நான் ஒன்றும் பேசாமல் கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். புரோகிராமை எப்படி நிறுத்திப் போடுவது என்று ரேணுகா படிப்படியாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்து நிறுத்தித் திருப்பிப் போட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, கிளவுட் வேகம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரை ஒரு தடவை சிமிட்டியது. அப்புறம் இருநூற்றுப் பன்னிரண்டு. சிவப்பு.

இறங்காதீங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒருத்தன் கால் ஏணியில் இருந்தது, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அந்த இரண்டு பேரும் இன்றைக்கு வீட்டில் சோறு தின்கிறார்கள் என்றால் என்னால்தான். நான் சொல்லவில்லைங்க, ஈஸ்வரமூர்த்தி சார் சொன்னார். எல்லார் முன்னாலும், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சென்னியப்பன் இல்லேன்னா இன்னைக்கு மூணு பொணம் விழுந்திருக்கும்" என்றார். பெயரை முழுசாகச் சொன்னார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார், உங்களுக்கு எப்படித் தெரிந்தது, அதை நிறுத்திப் போட வேண்டும் என்று. அனுபவம் சார் என்றேன். எழுதிக்கொண்டார். படிவத்தையும் பார்த்தார்கள். நாற்பத்தொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது, என் பக்கம் ஒரு குறையும் இல்லை. கிளவுடில் வைத்தபோதுதான் ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவாகியிருக்கிறது. ரேணுகாவை அந்தக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிட்டதாம். போலீஸும் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்ததாம். பாவம், நல்ல பெண். எனக்குப் போன் பண்ணி அழுதாள். "சார், நான் எல்லாத்தையும் செக் பண்ணினேன் சார், எங்க தப்புன்னே தெரியலை சார்" என்றாள். சார் என்றாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒட்டுப்போட்ட டவுசர் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு ராத்திரி ஷிப்ட் திரும்பக் கிடைத்துவிட்டது. கண்ட்ரோல் ரூம், அதே மேஜை. விடியற்காலை புரோகிராமை நிறுத்தித் திருப்பிப் போட்டுவிட்டு, வீட்டில் குளித்து, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு இங்கே வந்துவிடுவேன்.

போனில் பழைய அழைப்பையெல்லாம் அழித்துவிட்டேன். வேறு எதற்கும் இல்லை, தேவையில்லாததை எதற்குச் சேர்த்து வைத்துக்கொண்டு என்று. மாகாளி போன் அவன் கருவிப் பையோடு தொட்டிக்குள் போய்விட்டது. தண்ணீரில் கிடந்து ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று. ஆக, அன்றைக்கு அவன் எனக்கு அடித்தது அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கு. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஊட்டிப் பக்கம், உங்கள் அண்ணனை நாளைக்கு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். இதற்கப்புறம் நாம் எங்கே பார்க்கப்போகிறோம்.

அதோ, அவன் மனைவி வருகிறாள். துளசிமணி. டாக்டர் அவளை மட்டும் முன்னாலேயே உள்ளே விட்டிருந்தார். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், சும்மா இருங்கள்.

வா சாமி. என்ன ஆச்சு? அழாமல் சொல்லு.

பார்த்தீர்களா. கண் முழித்துவிட்டானாம். காலையிலிருந்தே நினைவு இருக்கிறதாம். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியவில்லை, நர்ஸ் ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்திருக்கிறாள். கொண்டா பார்க்கலாம், என்ன எழுதியிருக்கிறான்.

"உங்க பேரத்தாணுங்ணா எழுதியிருக்கறாரு. என் பேரக்கூட எழுதல, புள்ளைங்க பேரு எழுதல. மொதல்ல உங்க பேரு."

ஆமாம். சென்னி என்று இருக்கிறது. கோணல் மாணலாக இருந்தாலும் அவன் எழுத்துதான். கீழே இன்னொரு வரி ஆரம்பித்திருக்கிறான். 'நான்' என்று இருக்கிறது. அதற்கப்புறம் கோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"அதுக்குள்ள பேனா எழுதாம நின்னு போச்சுங்ணா. கைய ஆட்டிக்கிட்டே இருக்கறாரு, வேற பேனா கேட்டு. நர்ஸம்மாகிட்டயும் இல்லையாம். மொதல்ல நீங்கதான் போகோணும். பதினோரு நாளா கூடப்பொறந்தவனாட்டம் காத்துக் கெடந்தீங்க. நான் ஓடிப்போயி கீழ கடையில ஒரு பேனா வாங்கிட்டு வந்தர்றேன், அதுக்கப்பறம் போங்க. என்னமோ உங்ககிட்ட சொல்லோணும்னு துடிக்கறாரு."

போய்விட்டு வா சாமி. நிதானமாகப் போ, மாடிப்படி ஈரமாக இருக்கிறது. அவசரமில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை பாருங்கள். மூன்று மாடி இறங்கி, கடையில் கூட்டம் இருக்கும், திரும்ப ஏற வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும் அவளுக்கு.

கதவைத் திறக்கிறார்கள். ஏழாம் நம்பரைத்தான் கூப்பிடுகிறார் வாட்ச்மேன். நான் இப்போதே ஓர் எட்டு போய்விட்டு வந்துவிடுகிறேன். அவன் எழுதுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவதுதான் நல்லது, இல்லையா? அன்றைக்கு என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது மாகாளி, நீ அடித்ததே எனக்குத் தெரியாது என்று. மணி அடித்ததே, கட் ஆனதே என்று அவன் யோசிக்கலாம். ஆனால் நான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் நம்பிவிடுவான். நான் சொன்னதை அவன் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லைங்க. இத்தனை வருடமும் என் பேச்சை நம்பித்தானே கீழே இறங்கினான்.